இடது ஓரத்தைப் பார்

சங்கரன்கோவில்,
சனிக்கிழமை

அன்பு மகள் எஸ்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளை கைலாஷும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். என் ஜெபம் என்றுதான் எழுத முடிகிறது, நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அம்மா ஜெபிக்கும்போது உன் பெயர் வருவதில்லை. போனில் பேசலாமென்றால் அவள் காது இந்தப் பக்கமே இருக்கிறது, அதனால் அடுத்த வாரம் கனடா திரும்புகிற கண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மூன்று தாளைக் கிழித்தாயிற்று, இது நாலாவது.

அறை முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் என்று நீ சொன்ன ஃபிஷ் ஐ லென்ஸை வாங்கிவிட்டேன். படம் வட்டமாக விழுகிற வகை வேண்டாமென்று விட்டேன், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி சுற்றிலும் கறுப்பாக இருந்தால் ஆல்பத்தில் யார் ஒப்புக்கொள்வார்கள், ஃப்ரேம் முழுக்க நிறைகிற வகைதான் எடுத்தேன். தறி வைத்திருக்கும் சிவராமலிங்கம் அண்ணாச்சி திங்கட்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுகிறார், பத்தடி ஹாலுக்குள் இருபத்தாறு பேரும் ஒரே படத்தில் விழணும், ஒரு ஆள் விட்டுப்போச்சுன்னாலும் வருசம் பூரா நான்தான்வே பேச்சு கேக்கணும் என்று சொல்லிவிட்டார். ஓரத்தில் நிற்கிறவர்கள் வளைந்து போகிறார்கள், சம்பந்தியை வளைத்து எடுத்தால் ஊரில் நான் கடை திறக்க முடியுமா. கேமராவைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்தினால் சரியாகும் என்று நினைக்கிறேன், ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நம் வீட்டு ஹாலில் ஒன்பது நாற்காலியை அரைவட்டமாகப் போட்டு, மூலையில் நின்று எடுத்துப் பார்த்தேன். முதல் படத்தில் என் கால் விரலே விழுந்திருந்தது. ரெண்டாவதைக் கம்ப்யூட்டரில் பார்த்தபோது இடது ஓரத்தில் படுக்கையறைக் கதவு, ஒரு சாண் திறந்திருக்கிறது, உள்ளே உங்கள் அம்மா. திருவிருந்துக்குக் கட்டுகிற நீலச் சேலையில் வெள்ளைச் சுவரோடு ஒட்டி நின்று, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, போனை நீட்டித் தன்னையே எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் பிரசவத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டு நீ அனுப்பிய விசாத் தாள் ஞாபகம் வந்தது. வெள்ளைப் பின்னணி, காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவள் அலமாரி மேல் தூக்கிப் போட்ட தாள்தான் மக்கா. எருசலேமுக்குப் போக எடுத்து, போகாமலே போன பாஸ்போர்ட் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. முப்பத்தொரு வருஷமாக ஊரையே படம் எடுக்கிறவன் பெண்டாட்டி, எனக்குத் தெரியாமல் படம் எடுக்கிறாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அவள் பிடிவாதத்துக்கு அதோடு விட்டுவிடுவாள், சொல்லாவிட்டால் அந்தக் கோணல் படத்தை விசாக்காரன் தள்ளிவிடுவான், உனக்கோ ஏழு மாதம் ஆகிறது. ரெண்டு நாள் கடைக்கும் வீட்டுக்கும் நடந்ததுதான் மிச்சம். இன்று காலை ஸ்டுடியோவில் வெள்ளைத் துணியைக் கட்டி, முகத்தை வளைக்காத பழைய ஐம்பது எம்.எம். லென்ஸை மாட்டி, லைட் சரியா என்று பார்க்கணும், ஒரு நிமிஷம் வந்து உட்காரேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் நீலச் சேலையில் திரும்பி வந்து உட்கார்ந்தாள். எடுத்து முடித்ததும், காது ரெண்டும் விழுந்திருக்கான்னு பாத்துக்கிடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விசா சீக்கிரம் கிடைக்க வேண்டும், அதுதான் இப்போது என் கவலை. நீ கனமானது எதையும் தூக்காதே, பனியில் பார்த்து நட. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். அவளாகச் சொல்லும்வரை உனக்கு எதுவும் தெரியாது, மறந்துவிடாதே. அந்த வியாழக்கிழமைப் படத்தைப் பிரிண்ட் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். நாற்காலிகளை விடு, இடது ஓரத்தைப் பார்.

உன் அப்பா,
யோவான்