ஒரு வாய் மிச்சம்

அம்மா,

இன்று மாலை சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கையில் பருத்திப்பால் வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து கொதிக்கிற வாசனை. கால் நகரவில்லை. வாங்கினேன். இப்போது பேப்பர் கப்பில்தான் தருகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, திருவாதவூர்ப் பக்கம் நேற்றுக் கேட்டு வந்ததை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். அது உன்னைப் பற்றிய செய்திதானா என்பதே எனக்குத் தெரியாது.

இதே சிம்மக்கல்லில்தான் நீ என்னை விட்டுப் போனாய். எனக்கு ஆறு வயது இருக்கும். கல்லுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். ஒரு கடைப்படியில் உட்காரவைத்துப் பருத்திப்பால் வாங்கித் தந்தாய். கண்ணாடி டம்ளர் சுட்டது. என் பாவாடை நுனியை அதைச் சுற்றிப் பிடிக்கவைத்தாய். உன் முன்கையில் பச்சை குத்திய தேள் என் கண்ணருகில் இருந்தது.

"மெதுவா ஊதிக் குடி. நீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்" என்றாய்.

முதலில் வேகமாகக் குடித்தேன். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வருவாய் என்ற கணக்கு. பாதியில் பயம் வந்தது. முடித்த பிறகும் நீ வராவிட்டால் நீ சொன்னது பொய்யாகிவிடுமே. ஒரு வாய் மிச்சம் வைத்து நிறுத்திக்கொண்டேன். வண்டிக்காரர் டம்ளரைக் கேட்டார். அடுத்த ஆளுக்கு ஊற்ற வேண்டும் என்றார், அதட்டினார், கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை. பொழுது சாயும்போது அப்பா தேடி வந்து, என் விரல்களைப் பிரித்து டம்ளரை வாங்கி, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினார். வீட்டில் எல்லோரும் உன்னைத் தலைமுழுகினார்கள். என் தலையிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் உன் படமும் இல்லை, பேச்சும் இல்லை.

நான் டீச்சராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். உதாரணம் இல்லாமல் எதையும் சொல்ல வராது எனக்கு. திருவிழாவுக்கு முன்னால் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன்: கூட்டத்தில் தொலைந்துபோனால் நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள், தேடுகிறவர்கள் அங்கேதான் திரும்பி வருவார்கள். நானும் நகரவில்லை, அம்மா. வெளியூரில் தலைமையாசிரியர் வேலை வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தேடுவதில்தான் முட்டாளாக இருந்தேன். சந்தையிலும் பஸ்ஸிலும் இளம்பெண்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒருத்தி, "என்னய எங்கயாச்சும் பாத்திருக்கீகளாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. நீ எண்பதை நெருங்கியிருப்பாய் என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு கிழவிகளின் கைகளைப் பார்க்கத் தொடங்கினேன். அந்த வயதில் தேள் பச்சை குத்தாத கையைக் காண்பதே அரிது.

என்னிடம் படித்தவள் ஒருத்தி திருவாதவூர்ப் பக்கம் நர்சாக இருக்கிறாள். போன மாதம் வீடு வீடாக மாத்திரை கொடுக்கப் போனபோது, கல்லுப்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் தனியாக இருப்பதைப் பார்த்தாளாம். கையில் தேள். முந்தாநாள்தான் போனில் சொன்னாள். நேற்று விடிந்ததும் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது போயிப் பத்துப் பதினஞ்சு நாளாச்சேம்மா. நாங்கதான் எடுத்துப் போட்டோம்" என்றாள்.

பேரைக் கேட்டேன். உன் பேர் இல்லை. பேரை மாற்றிக்கொள்ள உனக்குத் தெரியாதா என்ன? பிள்ளைகள் உண்டா என்றேன். அதைக் கேட்டால் அந்தப் பாட்டி சண்டைக்கு வருவாளாம். பிறகு எதிர்வீட்டுப் பெண் தானாகவே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"வாயி இம்புட்டு அம்புட்டு இல்ல. பருத்திப்பால் வண்டி வந்தாப் போதும், மல்லுக்கு நிக்கும். 'பச்சப்புள்ளைக்குக் கொதிக்கக் கொதிக்கக் குடுக்கிறியே, ஆத்திக் குடுடா'ன்னு ஒரே ஏச்சு. அவன் இந்தத் தெருப்பக்கம் வாறதையே விட்டுட்டான்."

அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வெயிலாக்கும் என்று நினைத்து அவள் தண்ணீர் கொண்டு வந்தாள்.

தேள், கல்லுப்பட்டி, பருத்திப்பால். இவ்வளவை வைத்து ஒரு பிள்ளை விடை எழுதியிருந்தால், போதாது என்று சிவப்பு மையில் சுழித்திருப்பேன். எனக்கு மட்டும் முழு மதிப்பெண் போட்டுக்கொள்ளக் கை துடிக்கிறது. போட்ட மறுநிமிடம் அடித்துவிடுகிறேன். அவள் நீயென்றால் இனி உன்னைப் பார்க்கவே முடியாது. அவள் நீ இல்லையென்றால், பிள்ளைக்கு ஆற்றிக் கொடு என்று சண்டை போட்டதும் நீ இல்லை. இதில் எதைத்தான் நான் வேண்டிக்கொள்வது? சொல்லேன் அம்மா.

பஸ் வந்தது. ஏறவில்லை. வண்டிக்காரர், "ஆறிப்போச்சேம்மா, வேற ஊத்தவா?" என்றார். தலையாட்டி மறுத்துவிட்டு ஆறியதையே குடித்தேன். ஆசிரியர் அறையில்கூட என்னைக் கேலி செய்வார்கள், டீச்சர் டம்ளரில் எறும்புக்கும் ஒரு பங்கு உண்டு என்று. எதைக் குடித்தாலும் அடியில் கொஞ்சம் விட்டுவிடுவேன். ஏனென்று யாரிடமும் சொன்னதில்லை.

கப்பை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன். இப்போது திருப்பிக் கேட்க ஆளில்லை. இதை எழுதும்போது மேசைமேல் இருக்கிறது. ஆடை படிந்துவிட்டது. அடியில் ஒரு வாய் இருக்கிறது.

நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை, அம்மா.