சாயத் தொட்டி தெளியாத வாரம்

ஆவணி 3, திங்கள்

காலையில் தூறல். பிறகு சுள்ளென்று வெயில்.

பட்டறைத் தொட்டி இன்றும் கலங்கல். சாயக் கழிவில் சுண்ணாம்பு, படிகாரம் போட்டு, ஜாடியில் மொண்டு வைத்தேன். அரை மணி. மேலே இரண்டு விரல்கூடத் தெளியவில்லை. ஆனியில் இதே அளவுக்கு ஆறு விரல்.

வெள்ளிக்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் (சு.இ.) வருகிறார். தெளியாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று போன தடவையே சொல்லியாயிற்று. யுத்தத்தில் சாயம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்ததில் நூல் நனைக்கவும் இடமில்லை என்றால் அம்மாபேட்டையில் எங்கள் தெருத் தறி அத்தனையும் நிற்கும். பழி தொட்டி பார்க்கிற என் தலையில்.

வாங்க: சுண்ணாம்பு. முழங்காலுக்குத் தைலம்.

செவ்வாய்

சுண்ணாம்பு இரட்டிப்பு. பலனில்லை. அடியில் இருந்த கொஞ்ச மண்டியும் குமிழி விட்டு மேலே வந்து அப்பளம் மாதிரி மிதக்கிறது. புளித்த வாடை. சாயத்தில் ஏது புளிப்பு?

பக்கத்துத் தோட்டத்துச் செங்கோடன் வேலியோரம் வந்தார். "ஏனுங்க, உங்க தண்ணி எங்க கெணத்துல எறங்குதுங்க. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. நான் என்னங்க பண்ணட்டும்?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தன்மையாகக் கேட்டுவிட்டார். குனிந்து ஜாடியைக் கழுவ ஆரம்பித்தேன்.

சுண்ணாம்புக்காரனை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கலப்படப் பயல்.

புதன்

விடிந்ததும் பட்டறைக்குப் போனேன். தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டு முடிக்கும் நேரம். தொட்டிக்குப் போகிற சாய வாய்க்கால் ஓரம் ஒரு பெண், மிச்சக் கஞ்சியைப் பானையோடு கவிழ்த்துக்கொண்டு. யார்? என் பெண்டாட்டி சரசு.

"என்ன புள்ள பண்ற?"

"தெருவுல ஊத்துனா மிதிபடுமுங்க. சோத்துக் கஞ்சி, பாவமில்லீங்களா? நம்ம எருமை செத்த பொறவு எல்லாரூட்டு மிச்சத்தையும் வாங்கி இதுலதான் ஊத்தறேன்."

எல்லார் வீட்டு மிச்சமும்! கஞ்சி கலந்தால் மண்டி எப்படி இறங்கும்? சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது. யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். ஊர் சிரிக்கும்.

தொட்டியை இறைத்துக் கழுவினோம். கஞ்சி இனிச் செங்கோடன் மாட்டுக்கு. சரசுவே போய்ப் பேசிவிட்டாள்.

வியாழன்

மேகம். புதுக் கழிவு. ஜாடி: ஐந்து விரல். நம்பாமல் மறுபடி வைத்தேன். ஐந்தரை. அப்பாடா! நாலு நாளைக்குப் பிறகு சோறு ருசித்தது.

வெள்ளி

சு.இ. பத்து மணிக்கு. என் ஜாடியைத் தொடவில்லை, தானே மொண்டு வைத்தார். அரை மணி. ஆறு விரல்.

பென்சிலை எடுத்தவர் நிறுத்தினார். "போன தடவை ஏன் தெளியலை? அதைச் சொல்லுங்க, எழுதறேன்."

சுற்றிலும் தெருக்காரர்கள். "சுண்ணாம்பு சரியில்லீங்க" என்றேன். கூசாமல் வந்தது பொய்.

பின்னாலிருந்து சரசு: "இல்லீங்க சாமி. நாந்தான் கஞ்சி ஊத்துனனுங்க."

சு.இ. அவளையே பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. 'பட்டறை ஓடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அவளிடம்: "அயோத்தியாப்பட்டணத்துப் பட்டறையிலயும் ரெண்டு மாசமாத் தெளியலைம்மா. அவங்களும் சுண்ணாம்புன்னுதான் சொல்றாங்க. வந்து பாக்கறீங்களா?"

வண்டி வாசலில் நிற்கிறது. சரசு சேலை மாற்றுகிறாள். என்னையும் வரச் சொல்கிறாள், ஜாடி தூக்க.