வண்டி கிளம்பிவிட்டது என்று சொன்ன திரை

என் பிரியமான அண்ணே,

பரளச்சியில் இந்த வருஷமும் மழை ஏய்த்துவிட்டது. நீ உழுது போட்ட பருத்திக்காடு சும்மாதான் கிடக்கிறது. மதினி அந்தப் பக்கமே போவதில்லை. "நாந்தேன் போன்ல எதையோ தப்பா அடிச்சு அவுகளக் கொன்னுட்டேன்." உன் காரியம் முடிந்ததிலிருந்து இதே பேச்சு.

அன்று பகலில் உனக்கு நெஞ்சு வலித்தபோது மதினி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. அவர்களுடைய செயலி செல்போனில் இருந்தது. அதில் பெயர், ஊர், கதவு எண் எல்லாம் அடித்து ஆம்புலன்ஸ் கேட்டார். 'வண்டி கிளம்பிவிட்டது' என்று திரையில் வந்தது.

பக்கத்து வீட்டு ராசு சித்தப்பா தன் லோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏத்துத்தா, போயிருவோம்" என்றார்.

"குலுங்குனா இவுகளுக்கு ஆகாது மாமா. ஆஸ்பத்திரி வண்டியே வருதாம், பொறுங்க" என்று மதினி தடுத்துவிட்டார்.

வண்டி வரவில்லை. மதினி மடியிலேயே நீ போய்விட்டாய்.

நானும் மதுரையில் புரோகிராம் எழுதித்தானே பிழைக்கிறேன்? ஆஸ்பத்திரிக்குப் போய் விடாமல் கேட்டேன். கடைசியில் அந்தச் செயலியை எழுதிய தினேஷ் என்பவரையே என் எதிரில் உட்கார வைத்தார்கள். அவர் கணினியைத் திறந்து காட்டினார்.

நம் கதவு எண்ணின் நடுவில் ஒரு சாய்கோடு உண்டல்லவா? அந்த இடத்தில் வெறும் எண் மட்டுமே வரும் என்று நினைத்து அவர் எழுதியிருக்கிறார். சாய்கோட்டைக் கண்டதும் புரோகிராம் பிழை என்று கத்தியிருக்கிறது. பிழை வந்தால் பிடிப்பதற்கு 'கேட்ச்' என்று ஒரு பகுதி உண்டு. அது பிடித்தது. ஆனால் பிடித்த பிறகு என்ன செய்வது என்று அதற்குள் ஒரு வரிகூட இல்லை. மதினியின் அழைப்பு யாருக்கும் போய்ச் சேராமல் அங்கேயே நின்றது. அடுத்த வரி, எதுவுமே நடக்காததுபோல, வண்டி கிளம்பிவிட்டதாகக் காட்டியது.

"உள்ள வர்ற நம்பர முதல்லயே சரிபாத்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"தப்பா அடிச்சா கேட்ச் பாத்துக்கிரும்னு விட்டுட்டேன்க்கா."

"யாரு தப்பா அடிச்சது? எங்க ஊர்ல எல்லா வீட்டுக்கும் இப்படித்தான நம்பரு?"



எதிர்பாராதது நடந்தால் தாங்கிக்கொள்ளத்தான் அந்தக் 'கேட்ச்' ஏற்பாடு, அண்ணே. இணையம் அறுந்து போகலாம், கணினி படுத்துவிடலாம். ஒரு கிராமத்து வீட்டின் கதவு எண் எப்படி எதிர்பாராதது ஆகும்? 'புரியவில்லை' என்று அந்தத் திரை உள்ளதைச் சொல்லியிருந்தால், மதினி உன்னை லோடு வண்டியில் ஏற்றியிருப்பார். நீ பிழைத்திருப்பாயா?

ஊருக்கு வந்து மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் சரியாத்தேன் அடிச்சனா?"

"சரியாத்தேன் அடிச்சிருக்கீக, மதினி."

"அப்பறம் ஏன் செல்வி, வண்டி வருதுன்னு சொல்லுச்சு?"

அன்றுதான் மதினி கதறி அழுதார்.

அந்த வரிகளை இப்போது மாற்றிவிட்டார்கள். நானே பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தரும் நம் வீட்டு வாசலுக்கு வரவில்லை. திங்கட்கிழமை மதினியை நான் அங்கே கூட்டிப்போகிறேன். என்னிடம் கேட்டதை அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். பதில் வரும்வரை மதினி பக்கத்தைவிட்டு நகரமாட்டேன், அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி