தண்ணீர் கேட்காத உன் கார்

இன்று மதியம் சிம்பாங் ரெங்கம் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் காரை நிறுத்த வேண்டியதாயிற்று. பானெட் இடுக்கிலிருந்து ஆவி; கூடவே இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்டின் அந்தத் தித்திப்பு வாடை. பின்னிருக்கையில் எட்டு மாத மகள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். நீ பார்க்காத மகள். அந்த வாடையில் உன் ஞாபகம்தான் வந்தது.

ஸ்கூடாயில் நாம் நண்பர்களாய்க் கல்லூரியில் படித்த காலத்தில் நமக்குள் தீராத வழக்கு, யார் கார் நல்ல கார் என்பது. உன்னுடையது உன் அப்பா ஓட்டிய பழைய கார். இன்ஜின் பின்னால், காற்றிலேயே ஆறும். ரேடியேட்டர் இல்லை, ஒழுகக் குழாய் இல்லை என்று பெருமையடிப்பாய். ஜாமில் மாட்டினால் அது சூடேறும்; நீ அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாய். உள்ளே தண்ணீர் ஓடும் என் கார் அலுங்காமல் நிற்கும். ஆயுத பூஜையன்று ஐயர் முன்பக்கம் சந்தனம் வைக்கப் போனார். "சாமி, அங்க என் பேக்குதான் இருக்கு. இன்ஜின் பின்னால" என்று அவரைச் சுற்றி வரவைத்தாயே!

மூவாருக்குச் சாப்பிடப் போன வழியில் ஒருநாள் என் கார் கொதித்தது. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். நீ கையைப் பிடித்து இழுத்தாய். "விடுடி. கோவமா இருக்கிறவங்ககிட்ட வாயக் கொடுக்கலாமா?"

நிழலில் உட்கார்ந்தோம். உன் கார் சத்தம் போட்டே சூட்டைச் சொல்லிவிடுமாம். "உன்னோடது உன்ன மாதிரிதான். ஓகே லா, ஓகே லான்னு இருக்கும். திடீர்னு பொங்கும்" என்றாய். அன்று என் பயங்களையெல்லாம் உன்னிடம் கொட்டினேன். அதன்பின் எந்தப் பயம் வந்தாலும் உன்னிடம் மட்டுமே சொன்னேன். நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை. தூங்கும் மகள் மூச்சு விடுகிறாளா என்று நான் ஓயாமல் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது என் கணவருக்குக்கூடத் தெரியாது.

இன்று மூடியைத் தொடவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று கணவரைப் போனில் அழைத்தேன். ஓகேயா என்று கேட்டார். ஓகே என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"இல்லங்க. பயமா இருக்கு. காருக்காக மட்டும் இல்ல. புள்ள பொறந்ததுல இருந்தே பயமாத்தான் இருக்கு."

அவர் பக்கம் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது. பிறகு, "போன வைக்காத. வந்துகிட்டே இருக்கேன், நீ பேசு" என்றார்.

அவர் வந்து சேரும்வரை பேசினேன். உனக்கென்றே வைத்திருந்த பேச்சு அது. கொஞ்சம் அவருக்கும் கொடுத்துவிட்டேன். உன் பங்கு என்னிடம் அப்படியே இருக்கிறது.