நீ நிரப்பி வைத்துப் போன டேங்க்

என் உயிரான அண்ணாத்தே,

இன்று காலை எழுந்ததும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பல்கூட விளக்கவில்லை. போனை எடுத்து, உன் கனடாவில் பனி எப்போது விழும் என்று பார்த்தேன். திருவொற்றியூரில் ஃபேனைப் போட்டுக்கொண்டு பனியை நினைத்துப் பதறிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இரவு கடும் பனி என்று போட்டிருந்தது. அண்ணிக்கு அங்கே இன்னும் முந்தின நாள் சாயங்காலம். உடனே வீடியோவில் கூப்பிட்டேன்.

விஷயம் இதுதான். நீ போன பிறகு வரும் முதல் பனிக்காலம். உன் கார் ஷெட்டில் நிற்கும் அந்தப் பனி தள்ளும் மெஷின் கிளம்பவே மாட்டேன் என்கிறது. வாசலில் விழும் பனியை அள்ளி எறியாவிட்டால் கார் வெளியே வராது, அண்ணி வேலைக்குப் போக முடியாது. "இதுக்குத்தான் சொல்றேன், வீட்டை வித்துட்டு என்கூட வந்துடுங்கம்மா" என்று உன் பிள்ளை பிரபு விடாமல் அரிக்கிறான். பாசத்தில்தான் சொல்கிறான். ஆனால் நீ வளர்த்த கறிவேப்பிலைத் தொட்டி அந்த ஜன்னலோரத்தில்தானே இருக்கிறது?

"ஒரு மெஷினு கிளம்பலன்னு நான் வூட்ட விடணுமா கலா?" என்று அண்ணி கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"எஞ்சின்தானே? போனைத் திருப்பிக் காட்டுங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? பி.காம் படித்துவிட்டு ராயபுரத்தில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் கணக்குப் பார்க்கிறவள் நான். ஆனால் அப்பாவின் போட் எஞ்சினை நீ பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் டார்ச் பிடித்தவளும் நான்தான். பனியைக் கண்ணால் பார்த்திராதவள், பனி மெஷினுக்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் பிளக் வயரைக் கழற்றச் சொன்னேன். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தோம், அளவு சரியாக இருந்தது. பெட்ரோல் மூடியைத் திறந்ததும் அண்ணி முகத்தைச் சுளித்தார்.

"ஐயே, இன்னா கலீஜா நாறுது! பழைய வார்னிஷ் கணக்கா. ஆனா டேங்கு ரொம்பி கீது கலா. வாய் வரைக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. இது உன் வேலை! காலி டேங்கோடு போட் கரையில் நின்றால் அப்பாவுக்குத் தூக்கமே வராதே. மீன் பட்ட சேதி எப்போது வந்தாலும் கிளம்பணும். அதையே நீ அங்கேயும் செய்திருக்கிறாய். போட் தினமும் கடலுக்குப் போகும் அண்ணாத்தே. பனி மெஷின் கோடை முழுக்கத் தூங்கும். அத்தனை நாள் கிடந்த பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்காதா? வருஷா வருஷம் முதல் பனிக்கு "மெஷின் மக்கர் பண்ணுது" என்று நீ புலம்பியது இதனால்தானா? குப்பத்துப் பழக்கத்தைக் கனடா வரைக்கும் கொண்டுபோனவன் நீ ஒருத்தன்தான்.

"எல்லாத்தையும் எடுத்துடணும் அண்ணி."

டியூபை டேங்கில் விட்டவர் அப்படியே நின்றார். "உங்க அண்ணன் கடைசியா ஊத்தி வச்சது. இதே எடத்துல, குல்லா போட்டுகினு. அடுத்த மாசமே போயிட்டாரு. எப்படிடி எடுத்துக் கொட்டுவேன்?"

இங்கே கும்மிடிப்பூண்டி ரயில் ஹாரன் அடித்துப் போனது. அது ஓய்ந்த பிறகு அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டியூபைத் தன் வாயருகே கொண்டுபோனார்.

"ஐயோ, வாயால இழுக்காதீங்க!"

"உங்க அண்ணன் அப்படித்தான் இழுப்பாரு."

"அதான் அண்ணாத்தே பெட்ரோல் ஏப்பம் விட்டுகினு திரிஞ்சுது. கை பம்ப் இருந்தா எடுங்க."

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடேயே நீ ஊற்றியது கேனுக்கு இறங்கியது. கார்புரேட்டரைத் திறந்து பசையைத் துடைத்தோம், மெல்லிய கம்பியால் துவாரத்தைக் குத்தினோம், பிளக்கைத் தேய்த்து மாட்டினோம், புது பெட்ரோல் ஊற்றினோம். "ஊற்றினோம்" என்கிறேன் பார்! கை அவருடையது, வாய் மட்டும்தான் என்னுடையது.

"ஷெட் கதவைத் தொறங்க. சோக் போடுங்க. இப்ப இழுங்க!"

ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார், ஒரு இருமல். "விடாதீங்க அண்ணி, வருது, வருது!" நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. படபடவென்று பிடித்துக்கொண்டது அண்ணாத்தே! அங்கே அண்ணி குதித்தார். இங்கே நான் கட்டில் மேல் ஏறி நின்றிருந்தேன்.

சாயங்காலம் ஆபீசில் இருக்கும்போது வீடியோ வந்தது. முழங்கால் அளவுப் பனியை மெஷின் வாரி வாரி எறிகிறது. அண்ணி இன்னொரு போனில் பிரபுவிடம் கத்துவதும் கேட்கிறது: "நான் எங்கியும் வர்ல கண்ணா. வேலைக்கு லேட்டாவுது, வை போன!" எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்று மட்டும் அண்ணியிடம் சொல்லவில்லை. பனிக்காலம் முடிந்ததும் டேங்கை நிரப்பக் கூடாது. உள்ளே இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். அதைத் தனியாகச் செய்யுங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

"வந்து பனியைத் தொட்டுப் பாரேன்" என்று நீ எத்தனை முறை கூப்பிட்டாய்! வருகிறேன் அண்ணாத்தே. என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில். கடைசிப் பனி கரைவதற்குள் உன் வாசலில் இருப்பேன். எஞ்சின் அடங்கும்போது அண்ணியின் கை என் கையில் இருக்கும்.

உனக்கு டார்ச் பிடித்த தங்கச்சி,
கலா