எடுக்காத அழைப்புகள்

2009 ஏப்ரல் 22, புதன். தெசலோனிக்கி, கிரீஸ்

பெரியவர்கள் தமக்கு நெருக்கமானவர்களோடு எப்படிப் பிணைந்திருக்கிறார்கள் என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. அறுபது பேரிடம் வினாத்தாள், ஈஸ்டர் வாரத்தில் அதே அறுபது பேருக்கு வந்த அழைப்புகளின் பட்டியல். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இன்று கணக்குப் போட்டால் கீரியும் பாம்பும்! வினாத்தாளில் பாசத்தில் முதலிடம் வந்தவர்கள்தான், சொந்த மகன், மகள் அழைப்பைக்கூட எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 24

பேராசிரியர் வேர்கோஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வாய் பொய் சொல்லும், ஸ்மாரோ, போன் சொல்லாது. வினாத்தாளைத் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பி." மே இருபதாம் தேதி தேர்வுக் குழு. அதற்குள் சரியாகாவிட்டால் முனைவர் பட்டம் இல்லை.

ஏப்ரல் 28

மூணு வருஷம் போச்சா? நான்தான் தப்பாக் கேட்டுட்டேனா?

மே 3, ஞாயிறு

அம்மா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஸ்ட்ராடோஸ் கவாலாவுக்குக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மேசையில் அவளுடைய போன் ஒருமுறை அடித்து நின்றது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, வாணலியில் துண்டுகளைத் திருப்பிவிட்டாள்.

"போய்ச் சேந்துட்டான்."

"எடுக்கவே இல்லையே அம்மா?"

"எதுக்குடி எடுக்கணும்? ரெண்டாவது மணி அடிச்சாத்தான் பயப்படணும்."

நான் தட்டும் கையுமாக நின்றுவிட்டேன். நேற்று நூலகம் போய்ச் சேர்ந்ததும் நானும் ஒரு மணி அடித்துத்தானே துண்டித்தேன்! ஈஸ்டருக்கு ஊரே பயணம் போகிறது, ஊரே ஒரு மணி அடிக்கிறது. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி தேடியிருக்கிறேன், மடச்சி.

மே 11

அறுபது பேரையும் அழைத்து விசாரித்தேன். ஒரே மணியோடு நின்றவை ஏறக்குறைய எல்லாமே "வந்து சேர்ந்துவிட்டேன்" அழைப்புகள். அவற்றைத் தனியாகப் பிரித்து மறுபடி கணக்குப் போட்டேன். வினாத்தாளும் போனும் கைகோத்து நடக்கின்றன. ஜெயிச்சுட்டேன்! அறைக்குள் தனியாக ஆடினேன்.

மே 20

குழுவின் முன் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வேர்கோஸின் பையில் போன் ஒருமுறை அடித்து நின்றது. அவர் எடுக்கவில்லை. முகம் மட்டும் மலர்ந்தது. எல்லோரும் அவரையே பார்த்தோம். "மக ஏதென்ஸ் போய்ச் சேந்துட்டா," என்றார், காது சிவக்க. குழு முழுக்கச் சிரிப்பு. அதற்குமேல் யாரும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை.

படியிறங்கியதும் வீட்டுக்கு அடித்தேன். துண்டிக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே அம்மா பாய்ந்து எடுத்தாள்.

"என்னடி ஆச்சு?"

"டாக்டர் ஆயிட்டேன்மா."

"அதுக்கு இப்படியா அடிப்பே? உசிரே போயிடுச்சு," என்று திட்டிக்கொண்டே அழுதாள். வெகுநேரம் இருவருமே துண்டிக்கவில்லை.