ரிவர்ஸில் மட்டும் கொஞ்சம் யோசிக்கும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
வெள்ளிக்கிழமை காலை

அன்புக் கண்ணு கீர்த்திக்கு அம்மா எழுதுவது. கச்சபேசுவரர் புண்ணியத்தில் நான், அப்பா, உன் தம்பி தேவா மூன்று பேரும் இங்கே சௌக்கியம், வாசலில் நிற்கிற காருக்குத்தான் சௌக்கியமில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே குறைவில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, பயப்படுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. போனில் பேச முடியாததால் எழுதுகிறேன். நீ பேச ஆரம்பித்ததுமே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருமுவதுகூட இங்கே கேட்கிறது, அப்புறம் நான் என்னத்தைப் பேசுவது, மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எதிர்வீட்டுக் கமலாட்சி மகள் சங்கீதா லீவு முடிந்து திங்கட்கிழமை உங்கள் டொரான்டோவுக்கே புறப்படுகிறாள். அடுத்த சனிக்கிழமை அங்கே கோயிலில் உன்னைத் தனியாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் அத்தை என்று சொல்லியிருக்கிறாள். கறிவேப்பிலைப் பொடி டப்பாவுக்கு அடியில் இதை வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

காரைப் பற்றித்தான் எழுத வேண்டும். உன் கல்யாணத்தில் உன் மாமனார் நம்மிடம் ஒன்றுமே கேட்கவில்லை, ஞாபகமிருக்கிறதா, எங்களுக்கு இன்னாங்க வேணும், பொண்ணு ஒண்ணு போதும் என்று நாலு பேர் முன்னிலையில் சொன்னார். ஊரே மாணிக்கவேல் மாதிரி மனுஷன் உண்டா என்றது. அன்றைக்கே உங்கப்பாவிடம் சொன்னேன், கேட்டு வாங்குகிறவருக்குக் கொடுத்தால் அதோடு தீர்ந்தது, கேட்காதவருக்கு ஆயுசுக்கும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று. என் வாய்க்கு அப்போது நல்ல பெயர் கிடைக்கவில்லை. போன தை மாதம் சம்பந்தி வந்தார், காபி குடித்தார், தான் புது வண்டி எடுக்கப் போவதாகச் சொன்னார், பழசை வெளி ஆளுக்குக் குடுக்க மனசு வரல சம்பந்தி, நம்ம புள்ளைங்க ஊர்வலம் வந்த வண்டி, நீங்கதான் எடுத்துக்கணும் என்றார். பெரிய கம்பெனிக் கார், தோல் சீட்டு, மேலே திறக்கிற கண்ணாடி, உள்ளே உட்கார்ந்தால் தறிச் சத்தம்கூடக் கேட்காது. கியரெல்லாம் தானே மாத்திக்கும், ரிவர்ஸ்ல மட்டும் கொஞ்சம் யோசிக்கும், மத்தபடி ராஜா என்று சொல்லிச் சிரித்தார். அதனால் மறைத்து விற்றுவிட்டார் என்றும் நாம் வாய் திறக்க முடியாது கண்ணு, அதுதான் அவருடைய சாமர்த்தியம். தேவா போனில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். அந்த மாடலுக்கே கியர்பாக்ஸ்தான் வியாதிபா, வாங்கனவங்க எல்லாம் எழுதி எழுதி அழுதுக்கினு இருக்காங்க, வாணாம் என்றான். அதற்கு உங்கப்பா, நாம வாணாம்னு சொன்னா அங்க உங்க அக்கா இன்னா பேச்சு கேட்டுக்கினு நிக்கும், தெரியுமா உனக்கு என்று கேட்டார். தேவா இன்றுவரை அந்த வண்டியைத் தொடவில்லை, ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருகிறான். உன்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அப்பா போன் போட்டார். நல்ல வண்டிதான்பா, எடுத்துக்கோங்க என்றாய். மாடியில் ஒரு அறை போட வைத்திருந்த பணம் அப்படிப் போயிற்று. நீ பிரசவத்துக்கு வந்தால் காற்றாட இருக்கட்டும் என்று ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்பதுவரை பேசி வைத்திருந்தோம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது காசு கொடுத்து வாங்கிய மாடு, அப்படியும் பல்லைப் பிடித்துப் பார்க்க நமக்கு வாயில்லை. வண்டி முன்னால் நன்றாகத்தான் போகிறது. கொஞ்சம் சூடேறிவிட்டால் பின்னால் வராது. கியரை ரிவர்ஸில் போட்டால் ஒரு உதறு உதறும், சிவப்பாக ஏதோ எரியும், அப்புறம் அதுவாக மனசு வைத்தால் உண்டு. காலையில் நம் தெருவில் தறிக்கு நூலை நீள இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுகிற நேரம், வண்டியை எடுங்க அண்ணே என்று கேட்பார்கள், நாலு அடி பின்னால் எடுத்தால் போதும், அது முடியாமல் உங்கப்பா முன்னால் போய் நாலு தெருவைச் சுற்றிக்கொண்டு மறு கோடியில் வந்து நிறுத்துவார். பாவு சுருட்டியதும் மறுபடி ஒரு சுற்று. இன்னா அண்ணி, அண்ணன் தெனம் பிரதட்சணம் வந்துக்கினு இருக்காரு, எதுனா வேண்டுதலா என்று கமலாட்சி கேட்கிறாள். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எங்காவது புறப்பட வேண்டுமென்றால் முதல் நாளே அப்பா உட்கார்ந்து வழி யோசிப்பார், முட்டுச் சந்து இருக்கிற ஊருக்குப் போக முடியாது, இடம் குறைந்த மண்டபத்துக்குப் போக முடியாது. திருப்புட்குழியில் பெரியம்மா வீடு முட்டுச் சந்தில்தானே இருக்கிறது, தை பிறந்ததிலிருந்து அவளை நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் போகிறேன் என்றால், கார் வெச்சிக்கினு பஸ்ல போனா சம்பந்தி காதுக்குப் போவும் என்கிறார். ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு நினைத்த நேரத்துக்கு பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தவள் நான். இப்போது கார்க்காரி. போதாததற்குப் பின் கதவு உள்ளேயிருந்து திறக்காது, குழந்தைகளுக்காக ஏதோ பூட்டு போட்டிருக்கிறதாம், அதை எடுக்க யாருக்கும் தெரியவில்லை. போய் இறங்குகிற இடத்திலெல்லாம் உங்கப்பா வந்து கதவைத் திறந்துவிடும்வரை கோழி மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் மகாராணிக்குக் கதவு திறந்துவிடுகிறார் என்று நினைக்கிறார்கள். விற்றுத் தலைமுழுகலாம் என்றால் வண்டி இன்னும் சம்பந்தி பெயரில்தான் இருக்கிறது. பேர் இன்னாத்துக்கு மாத்திக்கினு, ஒரே குடும்பம்தானே என்றுவிட்டார். இங்கே மெக்கானிக்குகள் கியர்பாக்ஸைப் பிரிக்க மாட்டோம் என்கிறார்கள், சென்னைக்குக் கொண்டுபோனால் இன்னொரு சின்ன வண்டி வாங்குகிற செலவு சொல்கிறார்கள். வாராவாரம் உன் மாமனார் போன் போட்டு வண்டி எப்பிடி ஓடுது சம்பந்தி என்று கேட்பார். நல்லா ஓடுதுங்க சம்பந்தி என்று உங்கப்பா எழுந்து நின்றுகொண்டு சொல்வார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இப்படியே தை போய்ச் சித்திரை வந்தது.

சித்திரையில் ஒரு நாள் சம்பந்தியம்மாவுக்கு மாகறல் கோயிலில் ஒரு வேண்டுதல் என்று சொல்லி, அவர்கள் புது வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது, நம்ம வண்டியிலயே போயிடலாம் என்றார்கள். நம்ம வண்டி என்ற வார்த்தையைக் கவனி. அப்பா முன்தினமே தனியாகப் போய் வழி பார்த்துவிட்டு வந்தார், எங்கே நிறுத்தினால் நேராகவே திரும்பி வரலாம் என்று. போனோம், தரிசனம் நன்றாக ஆயிற்று, அர்ச்சனைத் தட்டோடு வண்டியில் ஏறினோம், எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஊரைத் தாண்டுவதற்குள் சம்பந்தி, இந்தத் தெருவுல நமக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம் என்று கையைக் காட்டினார். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் சம்பந்தியம்மா. திருப்பினார். அந்தத் தெரிந்தவர் வீடு பூட்டியிருந்தது, எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது, ஓட்டுகிறவன் எங்கே போனானோ. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சாக்கடை. ரிவர்ஸ் போட்டார், உதறியது, நின்றது. மறுபடி போட்டார், சிவப்பாக எரிந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில்.

அப்புறம் நடந்ததைத்தான் கண்ணு என்னால் மறக்க முடியவில்லை. உன் மாமனார் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே, நான் இந்தப் பக்கம் வந்து ஸ்டீயரிங் புடிச்சிக்கிறேன் சம்பந்தி, நீங்க முன்னால போய் ஒரு கை குடுங்க என்றார். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். உங்கப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனார், தெருவில் நின்ற இரண்டு பேர் இரக்கப்பட்டு வந்தார்கள். நானும் இறங்குகிறேன் என்று கதவைத் தள்ளுகிறேன், அது எங்கே திறக்கும். நீங்க உக்காருங்கம்மா, பொம்பளைங்க எதுக்கு என்கிறார் உன் மாமனார் முன் சீட்டிலிருந்து. சம்பந்தியம்மா பிரசாதப் பூவை இரண்டாகக் கிள்ளி ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். வைத்துக்கொண்டேன். முன் கண்ணாடியில் உங்கப்பா முகம். தலையைக் குனிந்து தம் கட்டித் தள்ளுகிறார், நிமிர்கிறார், உள்ளே இருக்கிற சம்பந்தியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறார், மறுபடி குனிகிறார். தன் காசில் வாங்கிய வண்டியை, விற்றவரை உள்ளே உட்கார வைத்து, தானே தள்ளிக்கொண்டு போகிற மனுஷனை உலகத்தில் நீ வேறெங்காவது பார்த்திருக்கிறாயா? அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் அர்ச்சனைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது சம்பந்தி, இன்னிக்கி வெயிலுக்குத்தான் கொஞ்சம் யோசிக்குது என்றார். நான்தான் அன்னிக்கே சொன்னேனே என்று உன் மாமனார் அவர் தோளில் தட்டினார். அன்றையிலிருந்து அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு, தறியில் உட்கார முடியவில்லை, எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன், குறைந்து வருகிறது, நீ அதற்காக அழாதே.

இப்போது நான் இதை எழுதும்போது அவர் எங்கே இருக்கிறார் தெரியுமா, காரில். தினமும் ஸ்டார்ட் பண்ணி வைக்காவிட்டால் பேட்டரி போய்விடுமாம். கதவைச் சாத்திக்கொண்டு ஏசியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். வண்டி நிற்கிற இடத்திலேயே ஓடுகிறது. இங்கே ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் தலை மட்டும் தெரிகிறது. திருமணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷன் யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை, உனக்காகத்தான் இந்தப் பயம்.

ஆனால் கீர்த்தி, மாகறலிலிருந்து வந்ததிலிருந்து ஒரு விஷயம் என்னைப் போட்டுக் குடைகிறது. உன் கல்யாண வரவேற்பன்று மண்டபத்து வாசலில் இதே வண்டி ரிவர்ஸ் வராமல் அரை மணி நேரம் நின்றதே, நீ நகையும் மாலையுமாக உள்ளே மாட்டிக்கொண்டு, அப்புறம் என்னிடம் வந்து, கார் பின்னாலயே போவல மா, எனக்கு சிரிப்பு அடக்க முடியல என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாயே. கல்யாணச் சந்தடியில் நான் அதை அன்றோடு மறந்துவிட்டேன். இந்த வண்டியின் லட்சணம் நம் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் தெரிந்தவள் நீதான். அப்படிப்பட்டவள் அப்பா கேட்டபோது நல்ல வண்டிதான்பா, எடுத்துக்கோங்க என்று ஏன் சொன்னாய்? பத்து ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கினாலும் சொத்தை என்று கடைக்காரனிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நீ. சில்லறை தராத கண்டக்டரோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சண்டை போட்டவள். நீயாக அதைச் சொல்லியிருக்க மாட்டாய். பக்கத்தில் யாரோ சொல்ல வைத்திருக்கிறார்கள், அல்லது யாரும் சொல்லாமலே நீ பயந்து சொல்லியிருக்கிறாய், இரண்டும் எனக்கு ஒன்றுதான். அங்கே போனதும் சேர்வதாகச் சொன்ன படிப்பைப் பற்றி இப்போது பேச்சே இல்லை. கேட்டால் பாத்துக்கலாம்மா என்கிறாய். வேறு எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன்மா. உன் மாமனாருக்குப் பயந்து அப்பா வண்டியை வாங்கினார், உனக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதென்று. அப்பாவுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதென்று நீ அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறாயோ என்னவோ.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ இதைப் படித்த மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல் போன் செய்வாய். நான்தான் எடுப்பேன். மாப்பிள்ளை, உங்க அப்பா குடுத்த வண்டி பின்னால போவல, எங்களுக்கு இது வாணாம், நாளைக்கி சாவியைக் கொண்டுபோய் உங்க வீட்ல வெச்சிட்டு வரேன் என்று சொல்லப் போகிறேன். பணம் வருமா வராதா என்பது அப்புறம். சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில்தான் போவேன், சம்பந்திக்கு வருத்தம் வந்தால் வரட்டும். அதனால் உனக்கு அங்கே தாங்க முடியாத தொந்தரவு வரும் என்றால் மட்டும் சங்கீதாவிடம் ஒரு வார்த்தை சொல், அவள் எனக்குச் சொல்லிவிடுவாள், நான் வேறு வழி பார்க்கிறேன். ஆனால் அப்படி ஒரு வார்த்தை உன்னிடமிருந்து வந்தால், சாவியைக் கொடுக்கப் போக மாட்டேன், உன்னை அழைத்துவரத்தான் ஏற்பாடு பண்ணுவேன். மாடியில் அறை இல்லாவிட்டால் என்ன, கூடத்தில் என் பக்கத்தில் படுத்துக்கொள், தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள்தானே நீ.

இத்தனை எழுதும்போது உங்கப்பா உள்ளே வந்துவிட்டார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், கீர்த்திக்கு என்றேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், வண்டி நல்லா ஓடுதுன்னு ரெண்டு வரி எழுதிடு அம்சா, புள்ள கவலைப்படும் என்றார். சரி என்றேன். நீ போனில் நல்லா இருக்கேன்மா என்று சொல்கிறாயே, அதே குரல் கண்ணு, ஒரு துளி வித்தியாசம் இல்லை. அவர் குரலைக் கேட்டபோதுதான் உன் குரல் எனக்கு விளங்கியது.

இஞ்சித் தொக்கு தனியாகச் சின்ன பாட்டிலில் இருக்கிறது, ஈரக் கரண்டி போடாதே. தலைக்குக் குளித்துவிட்டுக் குளிரில் வெளியே போகாதே. கச்சபேசுவரர் உன் கூடவே இருப்பார், தீர்க்க சுமங்கலியாக, அதைவிட முக்கியம், பழைய கீர்த்தியாக வாயும் சிரிப்புமாக இரு. முதலில் கிழித்துப்போடு என்று எழுதியிருந்தேன், வேண்டாம், வைத்துக்கொள், மாப்பிள்ளை படித்தாலும் படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது மட்டும் மறக்காதே, ஸ்பீக்கரை அணைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
கை. அம்சவேணி